கசம்

தண்ணீருக்காக நம் ஜனங்கள் பட்ட பாட்டை எழுதும்போதெல்லாம் குடிதண்ணீரைப் பற்றியே எழுதுகிறோம். தனிக்குழாய், தனிக்கிணறு, டீக்கடையில் தனிக்கிளாஸ். யாழ்ப்பாணத்துக் கே. டானியல் 'தண்ணீர்' என்றே ஒரு நாவல் எழுதினார். எல்லாம் எழுதப்பட வேண்டியவைதாம். ஆனால் அவை தொண்டை நனைகிற விசயம். உடம்பு நனைகிற விசயத்தை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. ஒரு மனுசன் தண்ணிக்குள்ள எறங்கி, கழுத்து வரைக்கும் நின்னு, முங்கி எந்திரிச்சு, மல்லாக்கப் படுத்து வானத்தைப் பாக்குறதுக்கு இந்த நாட்டில் நிலமும் சாதியும் வேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இது.

1927 மார்ச் 20 அன்று மகாத் ஊரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று 1924-லேயே அந்த ஊர் நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. அப்படியும் சாதி இந்துக்கள் சாணி, கோமியம், பால், தயிர் கலந்து ஊற்றி, மந்திரம் சொல்லிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு நடந்து முடிய 1937 ஆனது. குடித்ததற்கே இப்படியென்றால், இறங்கிக் குளித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பின்னால் அவர் தலைமையில் எழுதிய அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் கிணறு, குளத்தோடு 'குளிக்கும் துறை'யும் சேர்ந்திருக்கிறது. அந்த வார்த்தை அங்கே சும்மா வந்து உட்கார்ந்துவிடவில்லை.

எங்கள் ஊர் பெரியகுளம் பக்கம். வடக்கே நிமிர்ந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. அடிவாரம் பூராவும் மாந்தோப்பு. தோப்புக்குத் தோப்பு பம்புசெட் கிணறு. நான் சின்னப் புள்ளையாக இருந்த தொண்ணூறுகளின் கடைசியில், கோடை லீவு விட்டால் மேலத்தெருப் பையன்கள் எல்லாம் கிணற்றில்தான் கிடப்பார்கள். சுரைக்குடுக்கை, காலி மண்ணெண்ணெய்க் கேன், லாரி டியூப். அப்பன்காரன் மகனுடைய இடுப்பில் கயிறு கட்டித் தொபுக்கடீர் என்று தள்ளிவிடுவான். அவன் நாலு மடக்குத் தண்ணி குடிப்பான், கத்துவான், நாலாம் நாள் முங்குநீச்சல் அடிப்பான். தேனிப் பக்கத்தில் நீச்சல் என்பது பள்ளிக்கூடம் சொல்லித் தருவதில்லை. அப்பன் மகனுக்குச் சொல்லித் தருவது. அதற்கு அப்பனுக்குக் கிணறு வேண்டும். கிணறு வேண்டுமென்றால் நிலம் வேண்டும். நிலம் இல்லாதவன் மகன் கரையில் நிற்பான்.

கரையில் நிற்கவும் விட மாட்டார்கள் என்பது வேறு கதை. எங்கள் தெருப் பையன்கள் ஒருநாள் மத்தியானம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒரு தோப்புக் கிணற்றில் குதித்துவிட்டார்கள். தோட்டக்காரர் வந்து கரையில் கிடந்த டவுசர், சட்டையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அம்மணமாக வாழைத்தோட்டத்துக்குள் ஒளிந்து, இருட்டியபிறகு வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் துணியை வாங்கப் போன அப்பன்மார்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதை இன்றைக்கும் எங்கள் தெருவில் சொல்வார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

இதில் சட்டத்துக்கு வேலையில்லை. அரசியல் சட்டம் சொல்லுவது அரசுப் பணத்தில் பராமரிக்கிற துறையையும் பொதுவுக்கென்று விட்ட துறையையும். 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தி, ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளிக்கும் துறை எல்லாவற்றையும் எழுதிச் சேர்த்தார்கள். அதுவும் பொதுச் சொத்துக்குத்தான். பட்டா நிலத்துக் கிணறு பட்டாதாரருக்குச் சொந்தம். அவர் தன் சாதிப் பிள்ளைகளை மட்டும் குதிக்க விட்டால் எந்த ஸ்டேசனிலும் கேஸ் எடுக்க முடியாது. ஆக, எந்தச் சட்டமும் மீறப்படாமலே ஒரு தெரு தலைமுறை தலைமுறையாக நீந்தத் தெரிந்த தெருவாகவும், இன்னொரு தெரு நீந்தத் தெரியாத தெருவாகவும் ஆகிவிடுகிறது.

இத்தனைக்கும் அந்தக் கிணறுகளை வெட்டியது யார்? கடப்பாரை பிடித்து, வேட்டு வைத்து, கூடை கூடையாகக் கல்லும் மண்ணும் சுமந்தது எங்கள் ஆட்கள். கோடையில் தூர் வாரியதும் எங்கள் ஆட்கள். சேறாக இருக்கும்போது உள்ளே இறங்கலாம். தண்ணீர் ஊறிவிட்டால் ஏறிவிட வேண்டும். இன்னொரு வேலைக்கும் கூப்பிடுவார்கள். எங்கள் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், நல்லா முங்குவார். கிணற்றில் யாராவது விழுந்து செத்துப்போனால், விடியக்காலம் எங்கள் வாசலில் ஆள் வந்து நிற்கும். "கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போப்பா" என்று அன்றைக்கு மட்டும் குரல் இறங்கியிருக்கும். பொணம் எடுக்கத் தாத்தா எந்தக் கிணற்றிலும் இறங்கலாம். எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கிணற்றடியிலேயே குளிக்க முடியாமல், நனைந்த வேட்டியோடு காலனிக் குழாய்க்கு நடந்து வருவார்.

அவருக்கு யார் நீச்சல் சொல்லிக் கொடுத்தது? மலை.

பெரியகுளத்திலிருந்து ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டரில் கும்பக்கரை. கொடைக்கானல் மலையில் பெய்கிற மழை பாம்பாறாக இறங்கி, அங்கே பாறை பாறையாக வழிந்து விழுகிறது. குற்றாலம் மாதிரி தலைமேல் கொட்டுகிற அருவி என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அது வேறு மாதிரி இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது பாறையும் பாறைக்குள் தண்ணீர் குடைந்த பள்ளங்களும். ஒன்று யானை படுத்த மாதிரி, ஒன்று பாம்பு நெளிந்த மாதிரி, ஒன்று உரல் மாதிரி. வழுக்குப்பாறை என்று ஒன்று. உட்கார்ந்தால் போதும், தண்ணீரே இழுத்துக்கொண்டு போகும். அங்கிருந்து ஒத்தையடிப் பாதை வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறுகிறது. கும்பக்கரை 1942-இல் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று சுற்றுலாக் குறிப்புகளில் எழுதியிருக்கிறது. விறகுக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் காலகாலமாக மலையேறியவர்களுக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்ததைக் கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் அம்மாச்சி விறகுக்காரி. அதிகாலையில் கஞ்சித் தூக்குவாளியோடு அடிவாரத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் திரும்பும். லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போகும். விறகைக் கட்டி நிறுத்திவிட்டு, பொம்பளைகள் எல்லாம் ஓடையில் கீழ்ப்பக்கமாக, இடுப்பளவு தண்ணீர் நிற்கிற ஒரு பள்ளத்தில் இறங்குவார்கள். மேலே இருக்கிற பெரிய பள்ளங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. "அது கசம்த்தா. எறங்குனா ஏற முடியாது" என்று அம்மாச்சி கையைப் பிடித்துக்கொள்ளும். கீழ்ப்பள்ளத்தில் என்னை மல்லாக்கப் படுக்கப்போட்டு, முதுகுக்கடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு சொன்னது இது: "தண்ணிய அடிக்காத. அடிச்சா அமுக்கும். பாயில படுக்கிற மாதிரி படு." படுத்தேன். எப்போது கையை எடுத்தது என்று தெரியாது. எனக்கு அப்போது எட்டு வயது.

அந்தப் பொம்பளைகள் அங்கே பேசின மாதிரி ஊருக்குள் பேசி நான் கேட்டதில்லை. தோப்பில் மாங்காய் பொறுக்கினாலும் களையெடுத்தாலும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், அங்கே ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீரை வாரி அடித்து, கெட்ட வார்த்தையில் பாட்டுக் கட்டி, முடியை அவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தை யாரும் வெட்டவில்லை. வெட்டாததால் அதற்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் அதன் கரையில் யாரும் கம்போடு நிற்கவில்லை.

அம்மாச்சி சொன்ன 'கசம்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். எம்.ஏ. தமிழ் படிக்கப்போன இடத்தில், சங்க இலக்கிய வகுப்பில் 'கயம்' வந்தது. ஆழமான நீர்நிலை என்று ஆசிரியர் பொருள் சொன்னார். நான் எழுந்து, "எங்க பக்கம் கசம்னு சொல்லுவோம்யா" என்றேன். "அதெல்லாம் கொச்சைம்மா, சேரித் தமிழ்" என்றார். வகுப்பு சிரித்தது. அன்றைக்கு ராத்திரி விடுதியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். உயிர், உசிர். உயரம், உசரம். முயல், முசல். மயிர், மசிர். கயம், கசம். தமிழகத்தின் தெற்குப்பக்கம் பூராவும் ஆற்றில், ஓடையில் ஆள் மூழ்குகிற ஆழத்துக்குக் கசம் என்றுதான் பேர். புலவர்கள் ஏட்டில் வைத்திருந்த சொல்லை விறகுக்காரிகள் வாயில் வைத்திருந்தார்கள். ஏட்டில் இருந்தால் செவ்வியல், வாயில் இருந்தால் கொச்சை.

இன்றைக்குக் கும்பக்கரைச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தால் 'யானை கெஜம்', 'பாம்பு கெஜம்', 'உரல் கெஜம்' என்று போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் எத்தனை கெஜம் ஆழம் என்று கேட்கிறார்கள். கொஞ்சம் வடமொழி தெரிந்தவர்கள் கஜம் என்றால் யானைதானே, அப்புறம் எதற்கு யானை கஜம் என்று யோசிக்கிறார்கள். கசம் என்று எழுதியிருந்தால், தெக்கத்தியான் ஒருத்தன் படித்த உடனே காலைப் பின்னால் எடுத்துவைப்பான். அந்தச் சொல்லுக்குள்ளேயே எச்சரிக்கை இருக்கிறது. சொல்லைத் தொலைத்துவிட்டு எச்சரிக்கைப் பலகை வைக்கிறோம்.

தொல்காப்பியத்து உரியியலில் 'கய' என்பதற்குப் பெருமை என்றும் மென்மை என்றும் பொருள் இருக்கிறது. அதே எழுத்தில் தொடங்குகிற 'கயமை'யைத் தலைப்பாக வைத்துத் திருக்குறளில் ஒரு அதிகாரமே, 108-ஆவது, கீழ்மக்களைப் பற்றி இருக்கிறது. ஒரே ஒலியில் ஆழமும் பெருமையும் மென்மையும் கீழ்மையும் வந்து நிற்கின்றன. கீழே இருப்பதை ஆழம் என்பதா, தாழ்வு என்பதா? கரையில் நிற்கிறவனைக் கேட்டால் ஒரு பதில், உள்ளே இறங்கினவளைக் கேட்டால் ஒரு பதில்.

'உரல்' என்று பேர் வைத்தது யாரோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளம் உண்டாகிற விதமே உரல் தேய்கிற விதம்தான். வெள்ளம் வரும்போது பாறையில் சின்னக் குழி இருந்தால் தண்ணீர் அதில் சுழலும். சுழலில் கூழாங்கல் மாட்டினால் குழவி மாதிரி சுற்றிச் சுற்றி அரைக்கும். கல் தேய்ந்து மணலாகிப் போகும், அடுத்த வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவந்து போடும். பழனி மலைப் பாறை லேசில் தேய்கிற பாறை இல்லை. ஆயிரக்கணக்கான வருசம் அரைத்த அரைப்பு அது. வாய் குறுகலாக, வயிறு அகலமாக, உள்ளே பக்கவாட்டில் குடைந்திருக்கும். விழுந்தவன் மேலே வரப் பார்த்தால் தலையில் பாறை இடிக்கும். அருவி விழுகிற இடத்தில் நுரைத்த தண்ணீரில் பாதி காற்று. அது ஆளைத் தாங்காது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கொடைக்கானலில் மழை கொட்டி, திடுதிப்பென்று வெள்ளம் இறங்கும். இதெல்லாம் தெரிந்துதான் அம்மாச்சி கையைப் பிடித்தது.

இப்போது கும்பக்கரை கொடைக்கானல் வனக்கோட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. டிக்கெட், கம்பித் தடுப்பு, விசில். தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை. யானை வந்தாலும் தடை. அந்தத் தடுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ உயிரைக் குடித்த கசங்கள் அவை.

போன தை மாசம் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகள் 22 பேரை வேன் பிடித்து அங்கே கூட்டிப்போனேன். அதில் பாதிப் பேருடைய அம்மாமார்கள் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போக அவர்களுக்குப் பொழுது கிடையாது. வேனில் கேட்டேன்: "யார் யாருக்கு நீச்சல் தெரியும்?" மூன்று கை உயர்ந்தது. ஒருவனைப் பார்த்து மற்றவர்கள், "அக்கா, அவனுக்குக் கடப்பாரை நீச்சல்" என்று கத்தினார்கள். கையை இறக்கிக்கொண்டான். பெண்பிள்ளைகள் பதினோரு பேரில் ஒரு கைகூட உயரவில்லை.

தண்ணீர் அளவாக விழுந்தது. பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். ஆறாவது படிக்கிற ஒரு புள்ள மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் கார்களில் வந்த குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. என் சேலையை இழுத்து, காதோரமாகக் கேட்டது: "அக்கா, இங்க எறங்குனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"டிக்கெட் எடுத்திருக்கோம்ல, எறங்கு" என்றேன்.

டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. பதினோரு வயதுப் புள்ளைக்கு அருவியைப் பார்த்ததும் முதலில் வருகிற கேள்வி எவ்வளவு ஆழம் என்பதாக இருக்க வேண்டும். அதற்கு முன்னாடி இன்னொரு கேள்வி வந்து நிற்கிறதே, அதை எந்த வெள்ளம் அரைக்கும்?

கம்பம் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் சுருளி அருவி இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை செத்தவர்களுக்குத் திதி கொடுத்துவிட்டுத் தலைமுழுக அங்கே கூட்டம் நெரியும். செத்தவர்களுக்காகத் தண்ணீரில் இறங்குகிற நாம், உயிரோடு இருக்கிறவர்கள் தண்ணீரில் சாகாமலிருக்க என்ன செய்திருக்கிறோம்?

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. ஆண்டிபட்டிப் பக்கம் வறண்ட காட்டில் வளர்ந்தவன். அங்கே மலைஓடை கிடையாது. கிணறுகள் உண்டு, அவனுக்கில்லை. காலனிப் பையன்களுக்கு வாய்த்தது கைவிட்ட கல்குவாரிக் குழி. மழை பெய்து பச்சையாகத் தண்ணீர் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கசம் பரவாயில்லை என்று சொல்ல வைக்கிற குழி அது. நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை. சரிவு கிடையாது, காலூன்ற இடம் கிடையாது, பிடிக்க ஒரு வேர் கிடையாது. 2003-இல், பதினாலு வயதில், வழுக்கி விழுந்த செருப்பை எடுக்கப்போய்ச் செத்தான். கூட நின்ற நாலு பேரும் கத்தினார்கள். ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. தகவல் வந்து எங்கள் தாத்தா பஸ் ஏறிப் போனார். ஊர்க்கிணறுகளில் எத்தனையோ பேர் பிள்ளைகளை எடுத்துக் கொடுத்த மனுசன், அன்றைக்குத் தன் பேரனை எடுத்தார். அதற்கப்புறம் எவர் கூப்பிட்டும் அவர் தண்ணீரில் இறங்கவில்லை.

விதி என்றார்கள். விளையாட்டுத்தனம் என்றார்கள். கிணற்றில் நீச்சல் பழகிய பையன்கள் குவாரிக் குழியில் விழுந்தால் நீந்திக்கொண்டாவது கிடப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இது நம் ஊர்க்கதை மட்டுமில்லை. 1919 ஜூலை 27 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில், மிச்சிகன் ஏரியில், யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் கட்டுமரத்தில் மிதந்துபோனான். தண்ணீரில் கோடு ஏதும் கிடையாது. ஆனால் இந்தப் பக்கம் கறுப்பர், அந்தப் பக்கம் வெள்ளையர் என்று கரையில் இருந்தவர்கள் மனசில் ஒரு கோடு இருந்தது. கோட்டைத் தாண்டிவிட்டான் என்று ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். 1964 ஜூன் 18 அன்று புளோரிடா மாகாணத்தின் செயின்ட் அகஸ்டின் ஊரில், விடுதி நீச்சல் குளம் ஒன்றில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குதித்துப் போராடியபோது, விடுதி மேலாளர் குளத்துக்குள் அமிலத்தை ஊற்றினார். மகாத்தில் சாணி, அங்கே அமிலம். இரண்டுக்கும் பேர் சுத்தம்.

அந்த நாட்டில் இன்றைக்கு அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. இருந்தும் கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாகிற விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று அந்த நாட்டு அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமே கணக்குச் சொல்லுகிறது. பாட்டனைக் குளத்தில் விடவில்லை, அதனால் அப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அதனால் பேரனுக்கு நீச்சல் தெரியாது. தடை போன பிறகும் சாவு நிற்கவில்லை. உலகத்தில் 2021-இல் மட்டும் நீரில் மூழ்கிச் செத்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் அப்படிச் சாகிறவர்களை எண்ணும்போது எந்தத் தெருப் பிள்ளைகள் என்றும் எண்ண வேண்டும். எண்ணினால்தான் இது விதியா, வேறொன்றா என்று தெரியும்.

கோயில் நுழைவுக்குப் போராடினோம், தேர்வடம் பிடிக்கப் போராடினோம், சுடுகாட்டுப் பாதைக்குப் போராடினோம். நீச்சலைக் கேட்டு ஒரு மனுக்கூட நாம் கொடுத்ததில்லை. அதை விளையாட்டு என்று நினைத்தோம். அது உயிர் என்று பெரியம்மாவின் முகம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்கவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் காலனிப் பிள்ளைகளும் இறங்குகிற மாதிரி இடுப்பளவு ஆழத்தில் ஒரு பொதுக்குளம். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம், சொல்லிக்கொடுக்க ஒரு பெண். கைவிட்ட குவாரிக் குழிகளுக்கு வேலி. கும்பக்கரைப் பள்ளங்களுக்கு அவற்றின் உண்மையான பேர்.

இதை மனுவாக எழுதி எங்கள் பகுதித் தோழர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். "வீட்டுமனைப் பட்டாவே வரல, நீச்சல்குளம் கேக்குறியே தாயி" என்று ஒரு பெரியவர் சிரித்தார். "பட்டாவும் கேப்போம் தாத்தா, இதையும் கேப்போம்" என்றேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தன் பேத்தி பேரையும் எழுதலாமா என்று கேட்டார்.